விததனை ஒருவரும் கேட்கவில்லை

2 ஜூன் 2025, திங்கள்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கூட்டித் தள்ளிய மண், நான் தும்புத்தடியை மூலையில் சாத்தமுன் திரும்பி வந்துவிடுகிறது. உப்புக்குளத்தில் குடியிருந்துகொண்டு மண்ணோடு சண்டை பிடிக்கக் கூடாது என்று என் மனுசன் தயாபரன் சொல்வார். சொல்வாரா? சொன்னார். காலப்பிழை. ஒரு புள்ளி குறைப்பு.

பின்னேரம் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். இந்து நாகரிகம், புராணத்தின் ஐந்து இலட்சணங்கள். வம்சத்துக்கும் வம்சானுசரிதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. முன்பென்றால் கூரை பறந்திருக்கும். இன்று நானே சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

சந்திர வம்சத்தைக் கைதட்டித்தான் பாடமாக்க வைப்பேன். மகள் சுவேதினி அறைக்குள் புலமைப்பரிசில் சோதனைக்குக் கணக்குச் செய்கிறாளாம். ஆனால் உள்ளேயிருந்து அவள் குரல்தான் எல்லாருக்கும் முன்னால் போகிறது: "சந்திரன், புதன், புரூரவன், ஆயு, நகுஷன், யயாதி, பூரு!" பத்து வயது. வாய்ப்பாடு தடக்கும், வம்சம் தடக்காது.

தயாபரன் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. முருங்கனில், கந்தோர்க் கதிரையில் இருந்தபடியே போனவர். தேத்தண்ணி கொண்டுபோன பியோன், ஐயா நித்திரை என்று நினைத்துத் திரும்பிவிட்டாராம். நான் இன்னும் அழவில்லை. சனம் அதையும் கதைக்கிறது.

5 ஜூன்

ஒன்றும் இல்லை. பருப்பு, கீரை.

7 ஜூன், சனி

ஹஜ்ஜுப் பெருநாள். எருக்கலம்பிட்டியிலிருந்து நசீறா டீச்சர் வட்டிலப்பத்தோடு வந்தார். என்னோடு படிப்பிக்கிறவர், வரலாறு. சுவேதினி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடிவிட்டாள். அவள் தலை மறைந்ததும் நசீறா தொடங்கினார்.

"பிள்ளைக்கு இன்னும் சொல்லல்லையா டீச்சர்?"

சோதனை முடியட்டும் என்றேன்.

"ஒகஸ்ட்ல சோதினை. பொறகு ரிசல்ட். பொறகு புதுப் பள்ளிக்கூடம். நீங்க இப்பிடியே அவட கலியாணம் மட்டும் தள்ளுவீங்க. எங்கட மார்க்கத்தில எடுத்து வளர்த்தாலும் பெத்த வாப்பாட பேரைத்தான் சொல்லணும், மறைக்கக் கூடா. அதால எங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்ல."

எங்களிடம் தேவலோகத்திலேயே மறைத்திருக்கிறார்கள் என்று தாரையின் கதையைச் சொன்னேன். பிள்ளை பிருகஸ்பதியுடையதா சந்திரனுடையதா என்று எல்லாரும் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. கடைசியில் குழந்தையே கோபப்பட்டுக் கேட்டது. சந்திரன் என்றாள். அந்தக் குழந்தைதான் புதன், அதிலிருந்துதான் சந்திர வம்சம்.

"பாத்தீங்களா? பிள்ளை கோபப்பட்டுக் கேக்கும் மட்டும் இருக்காதீங்க."

சுவேதினியை மடத்துச் சிஸ்டர் என் மடியில் வைத்தபோது இரண்டு மாதப் பிள்ளை. பத்து வயது முடியச் சொல்லுவோம் என்று நானும் அவரும் பேசி வைத்திருந்தோம். இரண்டு பேரும் சேர்ந்து, அவளை நடுவில் இருத்தி. பத்து வயது செப்டெம்பரில் முடிந்தது. அவர் ஜூலையிலேயே போய்விட்டார். தனியச் சொல்லுவது பற்றி நாங்கள் பேசவேயில்லை.

11 ஜூன், புதன்

உயிலங்குளத்திலிருந்து இரத்தினம் அத்தான் வந்தார். தயாபரனின் மூத்த அண்ணர். வயலும் மாடும் சண்டையும் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. ஆனால் செத்தவீட்டில் எல்லாவற்றையும் தலையில் போட்டுச் செய்தவர் அவர்தான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வருடம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்கு ஜூலை மூன்றாம் திகதி திதி வருகிறதாம்.

"கஜீபன் செய்யட்டும்," என்றார். கஜீபன் அவருடைய மகன். "கொள்ளி வைச்சவனும் அவன்தானே. மகன் இல்லாத இடத்திலை பெறாமகன் செய்யிறதுதான் முறை."

அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. சுவேதினியும் பக்கத்தில் இருந்து எள்ளும் தண்ணியும் இறைக்கட்டும் என்றேன். அப்பா, அப்பா என்று அவர் முதுகிலேயே வளர்ந்தவள்.

அத்தான் கோப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளை, நீர் படிப்பிக்கிற ஆள். உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரத்த உருத்து இல்லாத பிள்ளை இறைக்கிற தண்ணி தம்பியிட்டைப் போய்ச் சேராது. அண்டைக்கு அவளை வேறை எங்கையும் விடும். வவுனியாவிலை இருந்தும் சனம் வரும், ஆரும் வாய் தவறி ஒரு சொல்லு விட்டால் பிள்ளைக்குத்தானே மனவருத்தம்?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சீனி போதுமா என்று கேட்டேன்.

12 ஜூன்

அப்பாவின் திவசத்தன்று பிள்ளையை இன்னொருவர் வீட்டில் விடுவதா? ஏன் என்று கேட்பாள். வீட்டில் வைத்திருந்தால் யாரோ ஒரு மாமி முகத்தைத் தடவி, "பெத்த தாய் ஆரோ, பாவம்" என்பாள். ஆகவே மூன்றாம் திகதிக்கு முன் நான் சொல்ல வேண்டும். எழுதிப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. வாய்தான் திறக்குதில்லை.

13 ஜூன்

சொல்லவில்லை.

17 ஜூன், செவ்வாய்

வகுப்பில் சந்திர வம்சத்துப் பரதன் வந்தான்.

பரதனுக்கு ஒன்பது ஆண்பிள்ளைகள். ஒருவனும் என்னைப்போல இல்லை என்று அவன் சொல்ல, தாய்மாரே பயந்து பிள்ளைகளைக் கொன்றுவிட்டார்கள். இந்த இடத்தில் வகுப்பு "ஐயோ" என்னும், நானும் கொஞ்சம் நிறுத்துவேன். இன்று மரக்கறி விலை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனேன். பிறகு பிள்ளை வேண்டி வேள்வி. பயனில்லை. அந்த நேரம், பெற்றவர்கள் "நீ வளர்", "இல்லை, நீ வளர்" என்று ஆளுக்காள் தள்ளி விட்டுப்போன ஒரு குழந்தையைக் காற்றுத் தேவர்கள் கொண்டுவந்து பரதன் கையில் கொடுத்தார்கள். வம்சம் வீணாய்ப் போன நேரத்தில் வந்தவன் என்று விததன் என்று பெயர். வடமொழியில் விததம் என்றால் வீண்.

அறைக் கதவில் ஒரு தலை. "வீண் எண்டோ பிள்ளைக்குப் பேர் வைக்கிறது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அவன் பரதன்ர சொந்தப் பிள்ளை இல்லைத்தானே அம்மா? பிறகேன் பரதனுக்குக் கீழை அவன்ர பேரை எழுதுறியள்?"

"அவனுக்குக் கீழேதான் ஹஸ்தி, குரு, சந்தனு, பாண்டவர் எல்லாரும் வருகிறார்கள். அவன் பெயரை அழித்தால் மிச்சம் ஒருவரும் இல்லை" என்றேன். சோதனைத்தாளுக்கு நல்ல விடை. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

வகுப்பு முடிந்து போனபின் அவளைப் பக்கத்தில் இருத்திச் சொல்லியிருக்கலாம். இதைவிட என்ன வாசல் திறக்க வேண்டும்? போய்க் குளி என்று சொன்னேன். சீ.

22 ஜூன், ஞாயிறு

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்பதை ஒழுங்காக எழுத வேண்டும்.

திவசத்துக்குச் சாமான் வாங்க அத்தான் அவளையும் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முருங்கனுக்குப் போனார். மத்தியானம் கொண்டுவந்து இறக்கிவிட்டு, உள்ளேயும் வராமல் போய்விட்டார். நான் அரிசி அரித்துக்கொண்டு நின்றேன். அவள் வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, பெறாமகள் எண்டால் பெறாத மகள்தானே? பெரியப்பா கடைக்காரரிட்டை என்னைக் காட்டி, இவள் என்ர பெறாமகள் எண்டவர்."

அவ்வளவுதான். எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்தாள் கடைக்காரனிட்டைச் சொல்லிப் போட்டார், பிள்ளைக்கு முன்னாலை நிண்டு சொல்லிப் போட்டார் – இதுதான் தலைக்குள்ளே. அரிசிச் சட்டியை வைத்துவிட்டு, ஈரக் கையோடு அவளைப் பிடித்து, ஓம் பிள்ளை, நான் உன்னைப் பெறேல்லை, நானும் அப்பாவும் மடத்திலை கேட்டு வாங்கினனாங்கள், ஆனால் நீ எங்கட பிள்ளைதான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நிற்பாட்டத் தெரியவில்லை. சிஸ்டரின் பெயர் வரைக்கும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். முடிந்ததும், "அம்மா, கொடியிலை உடுப்புப் பறக்குது" என்றாள். போய் ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள்.

நான் அத்தானுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். பிள்ளையைப் பற்றி ஊர்க் கடையிலை சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டேன்.

"என்ன சொல்லுறீர்? தம்பின்ர மோளைப் பெறாமகள் எண்டு சொல்லாமல் வேறை என்னெண்டு சொல்லுறது?"

ஐயோ.

தம்பியின் மகன் பெறாமகன், தம்பியின் மகள் பெறாமகள். பிறந்ததிலிருந்து நானும் சொல்கிற சொல். கஜீபன் எனக்கும் பெறாமகன்தான். மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லைப் பிரிக்கப் படிப்பிக்கிற ஆள், என் காதில் விழுந்தது பிரித்த சொல் மட்டும்.

23 ஜூன்

காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான் சொல்லைத்தான் கேட்டனான் அம்மா. கஜீபன் அண்ணாவையும் அப்பா பெறாமகன் எண்டுதானே சொல்லுறவர். அண்ணாவைப் பெரியம்மா பெத்தவ, பிறகேன் அப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்கத்தான் வந்தனான்."

நேரமாகுது, போவம் என்றேன்.

ஒன்று மட்டும் மண்டைக்குள் நிற்கிறது. இரத்த உருத்து என்று எனக்குப் பாடம் எடுத்த மனிதன், கடையில் ஒருத்தர் கேட்டதும் யோசிக்காமல் தம்பியின் மகள் என்று சொல்லியிருக்கிறார்.

25 ஜூன்

சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கிறாள்.

26 ஜூன்

பாகற்காயைச் சாப்பிட்டாள். "நல்லாயிருக்கு அம்மா" என்றாள். அவளுக்குப் பாகற்காய் கண்ணிலும் காட்டக் கூடாது.

27 ஜூன், வெள்ளி

நசீறாவிடம் சொன்னேன். "நல்லம்தானே, பிள்ளை குழப்படி இல்லாம இருக்கா" என்றார். இல்லை நசீறா. எங்கள் வீட்டுக்கு யாரோ ஒரு பிள்ளை விடுமுறைக்கு வந்து நிற்கிறது. எடுக்கட்டுமா என்று கேட்டு வாழைப்பழம் எடுக்கிறது. தண்ணீர் கொட்டினால், சொறி அம்மா, சொறி அம்மா என்று துடைக்கிறது. வம்சம் சொல்லும் சத்தமும் அறைக்குள்ளே இருந்து வருவதில்லை.

இதைப் பார்த்து எனக்கு அழுகை வர வேண்டும். மரக்கட்டை மாதிரி நிற்கிறேன். ஆனால் பயமாய் இருக்கிறது. விருந்தாளி என்றால் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகுமே.

29 ஜூன், ஞாயிறு

உடுப்புக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தேன். வந்து கதிரையின் நுனியில் இருந்தாள்.

"அம்மா, விததன் என்ன சொன்னவன்?"

"எதுக்கு?"

"தன்னைப் பெத்தவை விட்டிட்டுப் போனது, பரதன் எடுத்தது. அவனுக்குத் தெரியும்தானே. என்ன சொன்னவன்?"

யோசித்தேன். எத்தனை வருடமாகப் படிப்பிக்கிறேன். பிறகு அலுமாரியிலிருந்து புராணத்தை எடுத்து, மூலத்தையும் உரையையும் அவளுக்கு முன்னாலேயே தேடினேன். விததனுக்கு மன்யு பிறந்தான். மன்யுவுக்குப் பிருகத்க்ஷத்திரன், அவனுக்கு ஹஸ்தி. பெற்றவர்கள் பேசுகிறார்கள், பரதன் பேசுகிறான், தேவர்களும் வந்து போகிறார்கள். விததன் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை.

"ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை."

"ஆரும் கேட்கேல்லையோ?"

ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அவள் இருந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை அம்மா" என்று எழும்பிப் போய்விட்டாள்.

1 ஜூலை, செவ்வாய்

கேட்டேன்.

பள்ளிக்கூடத்தால் வரும் வழியில், பாலத்தடியில் காற்றுக்கு ஒதுங்கி நின்றபோது கேட்டேன். அப்பான்ர திவசத்தில் நீ என்ன செய்ய விருப்பம்? கஜீபன் அண்ணா செய்வார். பக்கத்தில் இருந்து தண்ணி இறைக்கலாம், சும்மா இருந்து பார்க்கலாம், நசீறா டீச்சர் வீட்டை போகலாம். நீ சொல்லுறதுதான்.

"இறைக்கோணும் போலை இருக்கு. பெரியப்பா பேசுவாரோ?"

"பேசட்டும்."

"உங்களையோ என்னையோ?"

"என்னைத்தான்." அதற்குத் தலையாட்டினாள்.

2 ஜூலை

மடுத் திருவிழா. ரோட்டு முழுக்க பஸ். பக்கத்து வீட்டு வின்சன்ட் அண்ணை ஆட்கள் விடியப் போய்விட்டார்கள். நான் எள்ளைக் கழுவிக் காயவைத்தேன்.

3 ஜூலை, வியாழன்

ஐயர் வந்து தர்ப்பையை விரித்ததும் சுவேதினியைக் கொண்டுபோய்க் கஜீபனுக்குப் பக்கத்தில் இருத்தினேன். வவுனியா மாமி மூக்கில் விரலை வைத்தா. அத்தான் எழும்பினார்.

"பிள்ளை, நான் உமக்குச் சொன்னனான் எல்லோ?"

"சொன்னீங்கள் அத்தான். பெறாமகன் செய்யலாம் எண்டு சொன்னீங்கள். முருங்கன் கடையிலை இவள் பெறாமகள் எண்டும் நீங்கள்தான் சொன்னீங்கள். பெறாமகன் இறைக்கிற தண்ணி போய்ச் சேருமெண்டால் இதுவும் சேரும்."

குரல் உயரவில்லை. வரவு கூப்பிடுவது போலத்தான் சொன்னேன். கஜீபன் மெல்ல அரக்கி அவளுக்கு இடம் விட்டான். ஐயர், "எனக்கு இன்னொரு வீடும் இருக்கு, இரண்டு பேரும் இருங்கோ" என்று சங்கல்பத்தைத் தொடங்கினார்.

கோத்திரம் கேட்டார். சிவகோத்திரம். பெயர்கள் கேட்டார். அத்தான் தன் அப்பாவின் பெயரைச் சொன்னார், அப்பப்பாவின் பெயரைச் சொன்னார். அதற்கு மேலே கேட்டதும் முகட்டைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. ஐயர் வழக்கமாகப் போடுகிற பொதுப்பெயரைப் போட்டுக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். வரவில்லை.

சுவேதினி கையை நேராய்ப் பிடித்துத் தண்ணீரை விட்டாள். ஒரு துளி வெளியே சிந்தவில்லை.

வெளிக்கிடும்போது அத்தான் என்னோடு கதைக்கவில்லை. அவளுடைய தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

5 ஜூலை

எல்லாம் முடிந்தது, இனிச் சரியாகும் என்று நினைத்தேன். காலையில் என் தேத்தண்ணிக் கோப்பையையும் கழுவி வைத்திருந்தாள். "வேறை ஏதும் செய்யோணுமோ அம்மா?"

9 ஜூலை

சொறி அம்மா. தாங்ஸ் அம்மா. பரவாயில்லை அம்மா.

12 ஜூலை

நேற்று இரவு அவளுக்குக் காய்ச்சல். என்னை எழுப்பவில்லை. தானே பனடோல் எடுத்துப் போட்டிருக்கிறாள். கரைச்சல் தரக்கூடாது என்று நினைத்தாளாம்.

அடியே, கரைச்சல் தா.

16 ஜூலை, புதன்

இன்று காலை பின்னல் பின்னும்போது சிக்கு. நேரம் போய்விட்டது, நான் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

"ஆ! நோகுது!"

"அசையாமல் இரு."

"உங்களுக்குப் பின்னவே தெரியாது! அப்பாதான் நோகாமல் பின்னுவார்! நீங்கள் எப்பவும் இழுக்கிறது!" எழும்பிவிட்டாள். ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரிந்த மயிர், முகம் சிவந்து. "எனக்குச் சொல்லாமல் இருந்தனீங்கள்! அப்பாவும் சொல்லாமல் செத்துப் போயிட்டார்! இரண்டு பேரும் பொய்! விததன்ர கதையை மட்டும் எல்லாருக்கும் சொல்லுங்கோ!"

சீப்பு பறந்து வந்தது. என் நெற்றியில் பட்டு, நிலத்தில் விழுந்து பல் உடைந்தது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! எங்கே இருந்ததோ தெரியாது. ஆரடி சீப்பெறியப் பழக்கினது, வாய் நீளுதோ, பெத்தால் என்ன பெறாட்டி என்ன முதுகுத்தோல் உரியும் என்று கத்தினேன். அவளும் விடவில்லை. உரியுங்கோ பாப்பம் என்று திருப்பிக் கத்தினாள். வின்சன்ட் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சுவேதினி அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். சட்டம் ஆடியது.

நான் குசினிக்குள் போய் நிலத்தில் இருந்து அழுதேன். ஒரு வருடத்து அழுகை. தயாபரன், தயாபரன் என்று அவர் பெயரைச் சொல்லித்தான் அழுதேன். இப்படிப் பிள்ளையையும் தந்துவிட்டு, பின்னவும் என்னைப் பழக்காமல் போய்விட்டீர்களே என்று.

இரண்டு பேரும் பிந்தித்தான் பள்ளிக்கூடம் போனோம். வழி நெடுக அவள் எனக்கு முன்னால் போனாள், திரும்பியும் பார்க்கவில்லை.

பின்னேரம் வகுப்பு நடக்கும்போது அறைக் கதவு திறந்தது. வந்து என் நெற்றியை எட்டிப் பார்த்தாள்.

"வீங்கியிருக்கு."

"எறிஞ்சது ஆர்?"

"நீங்கள் ஏன் இழுத்தனீங்கள்?"

மன்னிப்புக் கேட்கவேயில்லை, கழுதை.